செவ்வாயின் மேல்வளிமண்டலமும் சூரியக் காற்றும்

பூமியைச் சூழ்ந்திருப்பதுபோல, கோள் முழுமைக்குமான காந்தப்புலம் செவ்வாய்க்கு இல்லை. சூரியனிலிருந்து இடைவிடாமல் வெளியேறும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் சேர்ந்த ஓட்டத்தைச் சூரியக் காற்று என்கிறோம். அது செவ்வாயின் வளிமண்டல உச்சியிலேயே நேராக வந்து மோதுகிறது. ஓட்டம் அமைதியாக இருக்கும் நாள்களில் அந்த உச்சியிலிருந்து அயனிகள் சிறிதளவு விண்வெளிக்குக் கசிகின்றன. சூரியனில் வெடிப்பு ஏற்பட்டு ஓட்டம் குலையும்போது கசிவு பன்மடங்காகிறது, இரவு வானம் ஒளிர்கிறது, ரேடார் குருடாகிறது. இம்மாற்றங்களை அளக்கத் தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. திட்டமிட்டபடி நடந்த பயணங்களுக்கு இணையாகப் பழுதான விண்கலங்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு.

மோதும் இடம்

செவ்வாயின் தரையில் காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார்; பூமியின் கடல்மட்ட அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காற்றில் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள பகுதியே மேல்வளிமண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அங்குள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால், 120 முதல் 130 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் அடர்ந்து காணப்படுகிறது. முதலில் உருவாவது கார்பன் டை ஆக்சைடின் அயனி. அது அணுநிலை ஆக்சிஜனோடு உடனே வினைபுரிந்துவிடுவதால், மிகுதியாக எஞ்சுவது ஆக்சிஜன் மூலக்கூற்றின் அயனிதான். சுமார் 200 கிலோமீட்டருக்கு மேல் துகள்கள் ஒன்றையொன்று முட்டுவது அரிது. அந்த உயரத்தில் நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தோடு மேல்நோக்கிக் கிளம்பும் அணு திரும்பி வராது.

சூரியக் காற்று செவ்வாயை எட்டும்போது அதன் வேகம் வழக்கமாக நொடிக்கு 400 கிலோமீட்டர். அடர்த்தியோ கன சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று துகள்களே. ஆய்வகங்களில் உண்டாக்கும் வெற்றிடமே இதைவிட நெரிசலானது. ஆனால் இந்த ஓட்டம் சூரியனின் காந்தப்புலத்தையும் தன்னோடு இழுத்து வருகிறது. அயனி மண்டலம் மின்சாரத்தைக் கடத்தும். நகரும் காந்தப்புலம் அதன்மேல் படும்போது அதில் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை உண்டாக்கும் புலம் வரும் காற்றை எதிர்த்து நிற்கிறது. காந்தக் கோடுகள் கோளைச் சுற்றி வளைந்து பின்புறம் வாலாக நீள்கின்றன. முன்புறம் ஓர் அதிர்ச்சி அலை முகப்பு நிலைபெறுகிறது. பூமியில் கோளின் உட்கருவில் பிறக்கும் காந்தம் செய்யும் வேலையை இங்கே வளிமண்டலமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கவசமும் அதுவே, அடிபடுவதும் அதுவே.

குலைவுகள் ஒரே வகையானவை அல்ல. சூரியப் பிழம்பு வெடிக்கும்போது கிளம்பும் எக்ஸ் கதிர்களும் புற ஊதாக் கதிர்களும் ஏறக்குறைய 13 நிமிடத்தில் செவ்வாயை அடைந்து மேல்வளிமண்டலத்தைச் சூடாக்குகின்றன. இது ஒளியின் விளைவு. காற்றின் கணக்கில் சேராது. ஒளிவேகத்தை நெருங்கும் ஆற்றல்மிகு துகள்கள் அடுத்த சில மணி நேரத்துக்குள் வரத் தொடங்கும். சூரியனின் வெளியடுக்கான கரோனாவிலிருந்து பிய்ந்து வரும் பிளாஸ்மா மேகம் வந்து சேர இரண்டு மூன்று நாள்கள் ஆகும். இவை தவிர, வேகமான சூரியக் காற்று மெதுவான காற்றைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்கும் இடங்களில் நெரிசலும், அதன் பின்னே வெறுமையும் உண்டாகின்றன. செய்தித்தாள்கள் இவை எல்லாவற்றையும் 'சூரியப் புயல்' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதால், எது எந்த விளைவைத் தந்தது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

பிளாஸ்மா மேகம் மோதும்போது அழுத்தம் கூடி, அயனி மண்டலத்தின் மேல்விளிம்பு கீழே அமுங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆக்சிஜன் அயனிகளைச் சூரியக் காற்றின் மின்புலம் கவர்ந்து செல்கிறது. கவர்ந்தவை எல்லாமே வெளியே போய்விடுவதில்லை. ஒரு பகுதி வளைந்து திரும்பி, பெரும் வேகத்தோடு மேல்வளிமண்டலத்திலேயே விழுகிறது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் பட்டுக் காய்கள் சிதறுவதுபோல, அந்த அயனி பட்ட இடத்தில் பல அணுக்கள் நாலாபுறமும் தெறிக்கின்றன. மேல்நோக்கிப் போனவற்றில் சில தப்பிவிடுகின்றன. இந்தத் தெறிப்பு, தன்னியல்பில் எந்த வினையிலும் ஈடுபடாத ஆர்கானைப் போன்ற கனமான அணுக்களையும் வெளியேற்ற வல்லது. பின்னால் வரும் வாதம் முழுவதும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

முதல் அளவுகள், நீண்ட சச்சரவு

சூரியக் காற்று என்ற கருத்தை யூஜின் பார்க்கர் 1958-இல் கணக்கிட்டு முன்வைத்தார். வெள்ளியை நோக்கிச் சென்ற மரைனர் 2 அதை 1962-இல் உறுதி செய்தது. மூன்றே ஆண்டுகளில், 1965 ஜூலையில், மரைனர் 4 செவ்வாயைக் கடந்து பறந்தது. அதன் புகைப்படங்களில் தெரிந்த பள்ளங்களைப் பற்றித்தான் உலகம் பேசியது. ஆனால் கலம் கோளின் பின்னே மறைந்தபோது அதன் வானொலி அலை செவ்வாயின் காற்றை ஊடுருவி வந்ததே, அதில்தான் பெரிய செய்தி இருந்தது. அலை வளைந்த அளவைக் கொண்டு கணக்கிட்டபோது தரையழுத்தம் 4 முதல் 7 மில்லிபார் என்று தெரிந்தது. அதுவரை பலரும் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் எதிர்பார்த்திருந்தார்கள். சுமார் 120 கிலோமீட்டர் உயரத்தில், பூமியினுடையதைவிடப் பத்தில் ஒரு பங்கே அடர்த்தியுள்ள அயனி மண்டலமும் தென்பட்டது. காந்தமானியோ குறிப்பிடத்தக்க காந்தப்புலம் எதையும் காணவில்லை.

இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய காந்தப்புல விவகாரம் முப்பது ஆண்டுகள் இழுத்தது. 1971-இல் சோவியத் ஒன்றியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 கலங்களும், 1974-இல் மார்ஸ் 5 கலமும் கோளைச் சுற்றி வந்து அதிர்ச்சி அலை முகப்பைப் பதிவு செய்தன. அத்தரவுகளை வைத்து, செவ்வாய்க்கு நலிந்த சொந்தக் காந்தப்புலம் உண்டு என்று ஷ்மாயா தொல்கினோவ் வாதிட்டார். பதிவானது சூரியக் காற்று சுமந்து வந்து போர்த்திய புலமே என்று அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ரசல் மறுத்தார். தீர்ப்புச் சொல்லக்கூடிய கருவி எவரிடமும் இல்லை. பெரும் செலவில் அனுப்பப்பட்டு 1976-இல் செவ்வாயை அடைந்த வைக்கிங் கலங்களில் ஒரு காந்தமானிகூட வைக்கப்படவில்லை. உயிர்த் தேடலுக்கு முன்னால் மற்றவை பின்னுக்குப் போயின என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். இந்தத் துறைக்கு அது பேரிழப்பு.

ஆயினும் வைக்கிங் தரையிறங்கிகள் கீழே விழும் வழியில் செய்த அளவைகள் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. அயனி மண்டலத்தில் மிகுந்திருப்பது ஆக்சிஜன் மூலக்கூற்று அயனி என்று நேரடியாகக் காட்டியவை அவையே. நைட்ரஜனின் இரு ஐசோடோப்புகளில் கனமான நைட்ரஜன் 15-இன் பங்கு பூமியில் உள்ளதைவிடச் சுமார் 1.6 மடங்கு இருந்ததையும் அவை கண்டன. இலேசான அணு எளிதில் தப்பும், கனமானது தங்கும். ஆகவே செவ்வாய் தன் காற்றில் கணிசமான பகுதியை விண்வெளிக்கு இழந்திருக்கிறது என்பதற்கு வேதியியல் சாட்சி கிடைத்தது. இழப்பின் வழி எது என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த வழியை முதலில் கண்ணாரக் கண்ட கலம் ஃபோபோஸ் 2. 1989 ஜனவரி 29 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்த அக்கலம் மார்ச் 27 அன்று தொடர்பிழந்தது. இடைப்பட்ட இரண்டே மாதங்களில், ஸ்வீடன் விஞ்ஞானி ரிக்கார்ட் லுண்டினின் தலைமையில் அமைந்த அஸ்பெரா கருவி, கோளின் வால்பகுதி வழியே ஆக்சிஜன் அயனிகள் வெளியே ஓடுவதைப் பதிவு செய்தது. இழப்பு நொடிக்குச் சுமார் ஒரு கிலோகிராம் என்று மதிப்பிட்டார்கள். அந்த மாதங்கள் சூரியச் சுழற்சியின் உச்சத்துக்கு அருகே இருந்தவை. கனடாவின் கியூபெக் மாகாணத்தை இருளில் மூழ்கடித்த காந்தப்புயலும் அதே மார்ச் மாதத்தில்தான் வந்தது. உச்சகாலத்தில் எடுத்த அளவை எல்லாக் காலத்துக்கும் பொருத்திப் பார்த்தது பிற்பாடு குழப்பம் தந்தது.

1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், காந்தப்புல விவகாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதுவும் ஒரு பழுதின் தயவால். மேல்வளிமண்டலத்தில் மீண்டும் மீண்டும் உரசி வேகத்தைக் குறைத்து, நீண்ட பாதையை வட்டப்பாதையாக்குவது திட்டம். சூரியப் பலகை ஒன்றின் இணைப்பு சேதமடைந்திருந்ததால் அந்த உரசலை மிக மென்மையாகச் செய்ய நேர்ந்தது. சில மாதங்களில் முடிய வேண்டியது 1999 தொடக்கம்வரை நீண்டது. அவ்வளவு காலமும் கலம் தாழ்வாக நுழைந்து வெளியேறியபோது, அர்ஜென்டினாவில் பிறந்த மரியோ அகூன்யாவின் காந்தமானி ஓயாமல் அளந்துகொண்டிருந்தது. முடிவு இரு தரப்பையுமே வியக்க வைத்தது. கோள் முழுமைக்குமான புலம் இல்லை. ஆனால் தென்பாதியின் பழைய மேட்டுநிலப் பாறைகளில், 100 கிலோமீட்டர் உயரத்தில் 1,600 நானோடெஸ்லாவை எட்டும் உறைந்த காந்தம் இருந்தது. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் செவ்வாயின் உட்கருவில் காந்தம் பிறந்துகொண்டிருந்தது, பின்னர் நின்றுபோனது என்பது இதன் பொருள்.

புயலில் சிக்கிய கலங்கள்

செவ்வாயின் மேல்வளிமண்டலத்துக்கும் சூரியக் காற்றுக்கும் இடையிலான உறவை ஆராய்வதற்கென்றே முதன்முதலில் புறப்பட்ட கலம் ஜப்பானின் நோசோமி. 1998 ஜூலையில் ஏவப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பூமியைக் கடக்கும்போது ஒரு வால்வு சரியாகத் திறக்காததால் எரிபொருள் வீணாகி, பயணம் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. காத்திருந்த காலத்தில், 2002 ஏப்ரலில், சூரிய வெடிப்பின் துகள்கள் தாக்கி அதன் மின்சார அமைப்பும் தகவல்தொடர்பும் பழுதாயின; வெப்பமூட்டிகள் நின்று எரிபொருள் உறைந்தது. 2003 டிசம்பரில் அது செவ்வாயைச் சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போய்விட்டது. எதை ஆராயப் போனதோ அதற்கே பலியான கலம் என்று நோசோமியைத் தவிர வேறொன்றைச் சொல்வது கடினம்.

அதே 2003-இன் அக்டோபர் இறுதியில் அடுக்கடுக்காகச் சூரிய வெடிப்புகள் நிகழ்ந்தன. செவ்வாயைச் சுற்றிவந்த மார்ஸ் ஒடிஸியில் கதிர்வீச்சை அளப்பதற்காக வைத்திருந்த மேரி என்னும் கருவி அக்டோபர் 28 அன்று செயலிழந்தது. பிறகு உயிர்பெறவே இல்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று சுற்றுப்பாதையில் நுழைந்த ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் வேறு கதை. 2004 ஆகஸ்டில் அதன் புற ஊதா நிறமாலைமானி, தென்பாதியின் காந்தப் பாறைகளுக்கு மேலே இரவு வானில் ஒரு துருவ ஒளியைக் கண்டது. துருவத்துக்குத் தொலைவில் தெரிந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 2005 முதல் இயங்கிய மார்சிஸ் ரேடார், நிலத்தடி நீரைத் தேடும் கருவி. சில நாள்களில் தரையிலிருந்து அதற்கு எதிரொலியே வராது. கருவியில் கோளாறு இல்லை. ஆற்றல்மிகு துகள்கள் 100 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உண்டாக்கிய அயனிகள் அலையை விழுங்கியிருந்தன. இப்படி, நீர் தேடப் போன ரேடார் விண்வெளி வானிலையின் சாட்சியானது. 2017 செப்டம்பர் வெடிப்புக்குப் பின் அது சுமார் பத்து நாள் குருடாக இருந்தது.

அதே கலத்தின் அஸ்பெரா 3 கருவியிலிருந்து 2007-இல் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ஸ்டாஸ் பராபாஷும் குழுவினரும் அன்றைய அயனி இழப்பைக் கடந்த 350 கோடி ஆண்டுகளுக்கு நீட்டிக் கணக்கிட்டபோது, போனது வெறும் 0.2 முதல் 4 மில்லிபார் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே என்றானது. ஆறுகள் ஓடுமளவுக்குத் தடித்த காற்று ஒருகாலத்தில் இருந்திருந்தால் அது எங்கே போயிற்று என்ற கேள்வி மீண்டும் திறந்தது.

மேவனும் மங்கள்யானும்

இந்தக் கேள்விக்காகவே புரூஸ் ஜக்கோஸ்கியின் தலைமையில் நாசா அனுப்பிய மேவன், 2014 செப்டம்பர் 21 அன்று (இந்திய நேரப்படி மறுநாள் காலை) செவ்வாயை அடைந்தது. இரண்டு நாள் கழித்து, 24 அன்று, இந்தியாவின் மங்கள்யான் வந்து சேர்ந்தது. அத்திட்டத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி அருகே கோதவாடியைச் சேர்ந்தவர். திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்தவர். மங்கள்யானில் இருந்த மென்கா கருவி செவ்வாய் வளிமண்டலத்தின் வெளியடுக்கிலுள்ள வாயுக்களை எடைவாரியாகப் பிரித்து அளந்தது. 2014 டிசம்பரில் மாலைப்பொழுது வெளியடுக்கில் எதிர்பார்த்ததைவிடச் சூடான ஆர்கான் அணுக்களை அது கண்டது மேல்வளிமண்டல ஆய்வில் பேசப்பட்ட முடிவு. சூரியக் காற்றை அளக்கும் கருவி அதில் இல்லாததால், காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பிடிக்க அதனால் முடியவில்லை.

மேவனால் முடிந்தது. அதன் பாதை 150 கிலோமீட்டர் தாழ்விலிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல்வரை சென்றதால், ஒவ்வொரு சுற்றிலும் அயனி மண்டலத்துக்குள் நுழைந்து வெளியேறியது. பல மாதங்களில் வெளியே சூரியக் காற்றையும் தொட்டது. 2014 டிசம்பரில் ஐந்து நாள் நீடித்த, கோளின் வடபாதி முழுவதும் பரவிய புற ஊதா ஒளிர்வை அது கண்டது. காந்தப் பாறைகளோடு அதற்குத் தொடர்பில்லை. சூரியனிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் 60 கிலோமீட்டர் உயரம்வரை இறங்கியதால் வந்தது. 2015 மார்ச் 8 அன்று மோதிய பிளாஸ்மா மேகம்தான் பாடப்புத்தக நிகழ்வாகிவிட்டது. அமைதிக் காலத்தில் நொடிக்குச் சுமார் 100 கிராமாக இருந்த அயனி இழப்பு, அந்தப் புயலின்போது பத்து மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கும் என்று மாதிரிக் கணக்குகள் காட்டின. 2017 செப்டம்பரில் வந்த இன்னொரு தாக்குதலில் துருவ ஒளி அதற்குமுன் பதிவானதைவிட 25 மடங்கு பிரகாசமாயிற்று. தரையில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சு இரட்டித்தது.

இவற்றைவிடச் சுவையானது 2022 டிசம்பர் 26 அன்று நடந்தது. அன்று வந்தது புயல் அல்ல, புயலின் எதிர்ப்பதம். வேகமான காற்று முன்னே போன மெதுவான காற்றை வாரிக்கொண்டு போனதில் பின்னால் பெரும் வெற்றிடம் உண்டாகி, அது செவ்வாயைக் கடந்தது. சூரியக் காற்றின் அடர்த்தி நூறு மடங்கு குறைந்தது. அமுக்கம் நீங்கியதும் அயனி மண்டலமும் அதைச் சூழ்ந்த காந்த வெளியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து மூன்று மடங்குக்கும் மேல் பருத்தன. பூமியில் 1999 மே மாதத்தில் இதுபோலச் சூரியக் காற்று ஏறக்குறைய நின்றபோது நம் காந்த வெளியும் பலமடங்கு பெருத்தது. செவ்வாயில் பருத்ததோ காற்றின் மின்மயமான பகுதியே. அடக்கிவைக்கும் கை எவ்வளவு கனமானது என்பது அதை எடுத்த அன்றுதான் தெரிந்தது.

2024 மார்ச் 18 அன்று பெர்செவரன்ஸ் ஊர்தி, தரையில் நின்றபடியே இரவு வானில் மங்கலான பச்சை ஒளியைப் படம்பிடித்தது. மூன்று நாள் முன்பு சூரியனில் நிகழ்ந்த வெடிப்பைக் கணக்கிட்டு, கேமராவை முன்கூட்டியே திருப்பி வைத்திருந்தார்கள். மனிதக் கண்ணுக்குப் புலப்படும் துருவ ஒளி வேறொரு கோளின் தரையிலிருந்து பதிவானது அதுவே முதல்முறை.

காற்றைத் தின்றது யார்?

காந்தம் போனதால் சூரியக் காற்று செவ்வாயின் வளிமண்டலத்தை அள்ளிச் சென்றுவிட்டது என்பது இன்று பள்ளிப் புத்தகங்கள்வரை வந்துவிட்ட விளக்கம். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. இன்றைய நிலையில் செவ்வாய் இழக்கும் வாயு மொத்தம் நொடிக்கு 2 முதல் 3 கிலோகிராம் என்று மேவன் குழு 2018-இல் கணக்கிட்டது. இதில் சூரியக் காற்று நேராகக் கவரும் அயனிகள் சிறுபகுதிதான். ஆக்சிஜன் பெரும்பாலும் வேதிவினையால் போகிறது: ஆக்சிஜன் மூலக்கூற்று அயனி ஓர் எலக்ட்ரானோடு சேரும்போது இரு அணுக்களாக உடைந்து, அந்த உதையிலேயே தப்பும் வேகம் பெறுகிறது. ஹைட்ரஜனோ வெப்பத்தாலேயே போய்விடுகிறது. செவ்வாய் சூரியனை நெருங்கும் பருவத்திலும் தூசிப்புயல் காலத்திலும் அது கூடுகிறது. வெள்ளியைப் பார்த்தாலும் எளிய விளக்கம் தடுமாறும். அதற்கும் சொந்தக் காந்தப்புலம் இல்லை, சூரியனுக்கு அது இன்னும் அருகில் இருக்கிறது. அதன் தரையழுத்தமோ பூமியைப்போலத் தொண்ணூறு மடங்கு. காந்தப்புலம் உள்ள பூமியும் துருவங்கள் வழியாக ஆக்சிஜன் அயனிகளை இழந்துகொண்டுதான் இருக்கிறது.

சூரியக் காற்றுக்கு எதிரான வலுவான சாட்சி ஆர்கானிடமிருந்து வந்தது. அது எதனோடும் வினைபுரியாது, வெப்பத்தால் தப்பும் அளவுக்கு இலேசும் அல்ல. தெறிப்பால் மட்டுமே வெளியேற முடியும். திரும்பி விழும் அயனிகள் இப்படிக் காற்றை அரிக்கும் என்று ஜேனட் லூமன் முதலானோர் 1990-களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். ஆர்கான் 36, ஆர்கான் 38 ஆகியவற்றின் விகிதம் உயரத்துக்கேற்ப மாறுவதை மேவன் அளந்தது. அதிலிருந்து, செவ்வாயில் இருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்று 2017-இல் ஜக்கோஸ்கி குழு அறிவித்தது. தெறிப்பு நடப்பதை நேராகவே கண்டதாக 2025-இல் வெளியான ஆய்வு, சூரியப் புயலின்போது அது பெருகுவதையும் காட்டியது. இளம் சூரியனின் புற ஊதா ஒளியும் காற்றும் இன்றையதைவிடப் பன்மடங்கு கடுமையாக இருந்தன. எனவே இன்றைய அமைதி நாளின் அளவைப் பின்னோக்கி நீட்டிய 2007-இன் கணக்கு மிகக் குறைவாக வந்ததில் வியப்பில்லை. புயல்களைக் கூட்டாமல் போட்ட கணக்கு அது.

எவ்வளவு குறைவு என்பதைத் தீர்க்க ஒரு சிக்கல் குறுக்கே நிற்கிறது. ஒற்றைக் கலம் வெளியே நின்றால் சூரியக் காற்றை அளக்கும், உள்ளே போனால் விளைவை அளக்கும். ஒரே நொடியில் இரண்டையும் அளக்காது. உள்ளே வெளியே போய்வரும் நேரத்துக்குள் சூரியக் காற்று மாறிவிடலாம். மேவனும் மார்ஸ் எக்ஸ்பிரஸும், பின்னர் 2021-இல் வந்த சீனாவின் தியான்வென் 1-உம் சில வேளைகளில் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தன. ஆனால் அவற்றின் பாதைகள் அந்த நோக்கத்துக்காக வகுக்கப்பட்டவை அல்ல. இதற்கென்றே ஒரே மாதிரியான இரண்டு சிறு கலங்கள் கொண்ட எஸ்கபேட் திட்டத்தை நாசா 2025 நவம்பரில் ஏவியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் நடத்தும் இந்த இணை, 2027-இல் செவ்வாயை அடைந்து, முதலில் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகவும், பிறகு வெவ்வேறு பாதைகளிலும் சுற்ற வேண்டும்.